தேதி நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதே

மெக்சிகோ நகரம்
ஞாயிறு காலை

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி குஸ்தி பார்த்துவிட்டு வந்து உனக்குப் போன் செய்தபோது என் குரல் தழுதழுத்ததைக் கவனித்துவிட்டாய். "யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்ச சண்டைதானேம்மா, அதைப் பார்த்து எதுக்கு அழுதே?" என்று கேட்டாய். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. நேற்று பூராவும் அதே யோசனையாக இருந்தது. அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. காப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

என்னை அழைத்துப் போனது கீழ்வீட்டு அம்மாள். அவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். எழுபது வயது தாண்டியவர், தனியாக இருக்கிறார். என் அரைகுறை ஸ்பானிஷுக்காக ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். தாத்தா போன செய்தி வந்த அன்று ஒரு சட்டி சூப்போடு மாடி ஏறி வந்து, ஒன்றும் பேசாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். "ஒரு வெள்ளிக்கிழமையாவது அரேனாவுக்கு வராமல் நீ ஊர் திரும்பக் கூடாது, அதுவும் மார்ச் மாத வெள்ளிக்கிழமை, பெரியவருக்கு மரியாதை செய்கிற நாள்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரியவர் என்று அவர் சொன்னது இந்தக் குஸ்திக் கம்பெனியைத் தொடங்கிய சால்வதோர் லுத்தெரோத் என்பவரை. அவர் இறந்து போனது 1987-ல். இன்றும் ஆண்டுக்கு ஒரு முறை அவர் பேரில் பெரிய குஸ்தி நிகழ்ச்சி நடக்கிறது. 'ஓமெனாஹே அ தோஸ் லெயெந்தாஸ்' என்று பெயர். இரண்டு பெரிய மனிதர்களுக்கு அஞ்சலி என்று வைத்துக்கொள்.

அரேனா மெக்சிகோ என்கிற அந்தக் குஸ்திக் கூடம் இருப்பது தொக்தோரெஸ் என்கிற பேட்டையில். அங்கே தெருவுக்குத் தெரு ஒரு டாக்டரின் பெயர். குவாவ்தெமோக் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் அங்கிருந்தே தெரிந்துவிடுகிறது. நம் ஊர்த் திருவிழாவில் பொம்மைக் கடை போடுகிற மாதிரி வரிசையாக முகமூடிக் கடைகள். வெள்ளி, தங்கம், நீலம், புலி முகம், பிசாசு முகம் என்று கம்பிகளில் தொங்குகின்றன. கைக்குழந்தைக்குக்கூட அளவு இருக்கிறது. கீழ்வீட்டு அம்மாள் எதையும் நின்று பார்க்கவில்லை, விறுவிறுவென்று நடந்தார். முட்டி வலிக்கிறது என்று தினமும் சொல்கிறவர், அன்றைக்கு அவரை என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

உள்ளே 16,000 பேருக்கு மேல் உட்காரலாம். கட்டடம் 1956-ல் திறந்தது. 1968 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைப் போட்டிகள் நடந்தது இதே இடத்தில்தான். குஸ்தியின் கதீட்ரல், அதாவது பெரிய கோயில், என்று இதைச் சொல்கிறார்கள். நான் சும்மா பெருமைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். நுழைந்ததும் அம்மாள் கையால் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். இங்கே குஸ்திக்காரர்களில் இரண்டு கட்சி. 'டெக்னிகோ' நல்லவன், விதிப்படி சண்டை போடுகிறவன், பறந்து பறந்து அடிக்கிறவன். 'ரூதோ' முரடன், நடுவர் திரும்பினால் கண்ணில் குத்துவான், இரண்டு பேராகச் சேர்ந்து ஒருவனை மிதிப்பான். ஒலிபெருக்கிக்காரர் இழுத்து இழுத்து அறிவிக்கிறார்: மூன்று சுற்றில் இரண்டு, நேர வரம்பு இல்லை. ஜனங்களும் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்துகொண்டு "ரூதோக்கள் வாழ்க", "டெக்னிகோக்கள் வாழ்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கீழ்வீட்டு அம்மாள் ரூதோ கட்சி. மாடிப்படியில் பூனையை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து இறங்குகிற மனுஷி, அங்கே எழுந்து நின்று "அவன் முகமூடியைக் கிழி" என்று கத்தினார்.

ஏன் ரூதோ என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நீ கவனமாகக் கேட்க வேண்டும். டெக்னிகோ கயிற்றின் மேல் ஏறி அங்கிருந்து ரிங்குக்கு வெளியே பாய்கிறான். தலைகீழாக, கண்ணை மூடிக்கொண்டு பாய்கிற மாதிரி இருக்கிறது. கீழே சிமெண்டுத் தரை. அவன் விழுவது ரூதோவின் மேல். பார்க்கிறவர்களுக்கு ரூதோ அடி வாங்கிச் சாய்வதுதான் தெரியும். ஆனால் அந்த ரூதோ சரியான இடத்தில் நின்று, சரியான நேரத்தில் நெஞ்சைக் கொடுத்து, பாய்கிறவனின் தலையும் கழுத்தும் தரையில் படாமல் ஏந்திக்கொண்டுதான் சாய்கிறான். அவனுக்கு இங்கே 'பாசே' என்று பெயர், அடித்தளம் என்று அர்த்தம். நல்ல பாசே இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய டெக்னிகோவாலும் பறக்க முடியாதாம். "கைதட்டு பறக்கிறவனுக்கு, வசவு தாங்கிப் பிடிக்கிறவனுக்கு. அதனால்தான் நான் அவன் பக்கம்" என்றார் அம்மாள்.

அதற்குப் பிறகு என் கண் கீழே நிற்கிறவன் மேலேயே இருந்தது. நீயும் என்றைக்காவது பார்த்தால் அப்படிப் பார். அடிக்கிற அறை நிஜம்தான், நெஞ்சு சிவந்து தடிக்கிறது. விழுகிற விழுகையும் நிஜம். முடிவு மட்டும்தான் பேசி வைத்தது. மற்றதெல்லாம் ஒருவன் உடம்பை இன்னொருவன் கையில் ஒப்படைப்பது. இதற்கு வருடக்கணக்கில் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, நகரத்துக் கமிஷனில் லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். அவ்வளவு பழகியும் ஆபத்து நடக்கத்தான் செய்கிறது. 2015 மார்ச்சில் திஹுவானாவில் ஒரு ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு பெர்ரோ அகுவாயோ ஹூனியர் என்கிற பெரிய ஆட்டக்காரர் இறந்தே போனார். அதைச் சொல்லும்போது அம்மாளின் குரல் இறங்கிவிட்டது. பொய்ச் சண்டை என்று நீ சொன்னாயே, அந்த வார்த்தை எனக்கு இப்போது வாயில் வரமாட்டேன் என்கிறது.

இந்த லுத்தெரோத் குஸ்திக்காரரே இல்லை. ரிங்குக்குள் இறங்கிச் சண்டை போட்டவர் இல்லை. ஹலிஸ்கோ மாநிலத்தில் கோலோத்லான் என்கிற ஊரில் 1897-ல் பிறந்தவர். மெக்சிகோ புரட்சியில் படையில் இருந்தார். அப்புறம் அரசாங்க நிதித் துறையில் சொத்துகளைப் பார்வையிடுகிற வேலை. அந்த வேலையாக வட எல்லையில் சியுதாத் ஹுவாரஸில் இருந்தபோது, 1929-ல், ஆற்றைத் தாண்டி அமெரிக்கப் பக்கத்து எல் பாசோ ஊரில் குஸ்தி பார்க்கப் போனார். மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான்கு வருஷம் கழித்து, 1933 செப்டம்பர் 21-ம் தேதி, தலைநகரில் யாரும் சீண்டாமல் கிடந்த அரேனா மொதேலோ என்கிற கூடத்தை எடுத்து முதல் நிகழ்ச்சி நடத்தினார். அன்று தொடங்கிய கம்பெனி, பெயர் மாறினாலும், இன்றுவரை ஓடுகிறது. உலகத்தில் இன்னும் நடக்கிற குஸ்திக் கம்பெனிகளில் இதுதான் மூத்தது. செப்டம்பர் 21-ஐ நாடு முழுக்க லூச்சா லிப்ரே தினமாகவே வைத்துவிட்டார்கள். லூச்சா லிப்ரே என்பதுதான் இந்தக் குஸ்திக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர்.

முதலில் எல்லையைத் தாண்டி வந்த ஆட்டக்காரர்களை வைத்துத்தான் நடத்தியிருக்கிறார். மெல்ல மெல்ல இந்த ஊர்ப் பையன்கள் பழகி வந்தார்கள். நடுவில் அவருக்கு லாட்டரிப் பரிசு விழுந்தது, அந்தப் பணத்தில்தான் அரேனா கொலிசேயோ கட்டினார் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். லாட்டரிப் பணம் வந்தால் வீடு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், இவர் குஸ்திக் கூடம் கட்டினார். அது 1943 ஏப்ரல் 2-ல் திறந்தது. பழைய நகரத்துக்குள் பெரூ தெரு 77-ம் எண். புனல் மாதிரி சரிந்து இறங்குகிற இருக்கைகளாம், அதனாலேயே 'பெரூ 77-ன் புனல்' என்று செல்லப் பெயர். கீழ்வீட்டு அம்மாளை அவருடைய அப்பா சின்ன வயதில் தூக்கிப் போனது அந்தப் புனலுக்குத்தான். அதற்கும் கூட்டம் கொள்ளாமல் போகவே, பழைய மொதேலோ இருந்த இடத்தில் எழுப்பியதுதான் நான் போன அரேனா மெக்சிகோ.

முகமூடிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தையல் பிடிக்குமே. 1934-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குஸ்திக்காரர் தனக்கு முகமூடி வேண்டும் என்று கேட்டார். யாரிடம் போவது? ஆட்டக்காரர்களுக்குப் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்த அந்தோனியோ மார்த்தினெஸ் என்கிற செருப்புத் தைக்கிறவரிடம். அவர் முகத்துக்கு அளவெடுத்து, தோலால் தைத்துக் கொடுத்தார். பூட்ஸுக்குப் போலவே பின்னால் துளைகள் வைத்துக் கயிறு கோத்துக் கட்டுகிற மாதிரி. இன்றைக்கும் கயிறு அப்படித்தான் இருக்கிறது, துணி மட்டும் மாறியிருக்கிறது. அந்த ஒரு மனிதரின் ஊசியிலிருந்து வந்தவைதான் தெருவில் நான் பார்த்த அத்தனை முகமூடிகளும்.

இங்கே முகமூடி போட்டவர்கள் தங்கள் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். சண்டையில் எதிராளியின் முகமூடியைக் கழற்றிவிட்டால் கழற்றியவன் தோற்றதாக அர்த்தம். ஆனால் 'முகமூடிக்கு முகமூடி' என்று பந்தயம் கட்டி ஆடினால், தோற்றவன் ரிங்கின் நடுவில் நின்று கயிற்றை அவிழ்க்க வேண்டும். தன் சொந்தப் பெயர், பிறந்த ஊர், எத்தனை வருஷமாக ஆடுகிறான் என்பதைச் சொல்ல வேண்டும். அன்றோடு அந்த முகமூடி முடிந்தது. முகமூடி இல்லாதவர்கள் தலைமுடியைப் பந்தயம் வைப்பார்கள், தோற்றால் அங்கேயே மொட்டை. எல் சாந்தோ என்று ஒருவர். வெள்ளி முகமூடி, 1942-ல் அதைப் போட்டவர். முதலில் அவரும் ரூதோதான், பிறகுதான் ஊரே கொண்டாடும் நல்லவரானார். 1952-ல் பிளாக் ஷேடோ என்கிறவரோடு முகமூடிப் பந்தயம் ஆடி அவருடைய முகமூடியைக் கழற்ற வைத்த ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். 1984 பிப்ரவரியில் சாந்தோ இறந்தபோது முகமூடியோடேதான் அடக்கம் செய்தார்கள். அம்மாள் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார்.

பெண்களும் ஆடுகிறார்கள், மலர். ஆனால் இந்தத் தலைநகரில் முப்பது வருஷத்துக்குப் பெண்கள் குஸ்திக்குத் தடை இருந்தது. 1986-ல்தான் நீங்கியது. அதுவரை வெளியூர்களில் போய் ஆடியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரண்டாவது ஆட்டம் பெண்களுடையது. அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார், ஆட்டம் முடிகிறவரை விடவில்லை.

அந்த மரியாதை நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1990-களில் இது லுத்தெரோத் ஒருவருக்கு மட்டுமான அஞ்சலியாகத்தான் தொடங்கியிருக்கிறது. 1999-லிருந்து அவரோடு சேர்த்து ஒரு குஸ்திக்காரருக்கும் என்று ஆக்கினார்கள். முதலில் சேர்த்தது எல் சாந்தோவை. பெரும்பாலும் இறந்து போனவர்களைத்தான் சேர்ப்பார்கள். ஆட்டங்களுக்கு நடுவில் விளக்கைக் குறைத்தார்கள். குடும்பத்தாரை ரிங்குக்குள் ஏற்றினார்கள். வயதான ஒரு பெண்மணி, அவருடைய பிள்ளைகள், ஒரு பேரன். பையனுக்குப் பத்து வயது இருக்கும், தாத்தாவின் முகமூடியைப் போட்டிருந்தான். அது பெரிதாக இருந்ததால் கண் ஓட்டை நழுவிக்கொண்டே இருந்தது, அவன் பாட்டி சரி செய்துகொண்டே இருந்தார். ஒரு நினைவுப் பலகை கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் லுத்தெரோத்தின் பெயரைச் சொன்னார்கள், அந்தக் குஸ்திக்காரரின் பெயரைச் சொன்னார்கள்.

நான் பழக்கத்தில் எழுந்து தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு நிமிஷம் மௌனம் என்று நினைத்தேன். அம்மாள் என் முழங்கையைத் தட்டி, "கைதட்டு, கைதட்டு" என்றார். இங்கே ஒரு நிமிஷ மௌனத்துக்குப் பதில் ஒரு நிமிஷக் கைதட்டல். அத்தனை ஆயிரம் பேரும் நின்று தட்டினார்கள். ரிங்கைச் சுற்றி அன்று ஆடினவர்கள், இனி ஆடப் போகிறவர்கள், ரூதோ, டெக்னிகோ, எல்லாரும் வரிசையாக நின்று தட்டினார்கள். சற்று முன்னால் ஒருவர் கண்ணில் ஒருவர் விரலை விட்டவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் தெரியுமா? உள்ளங்கை காந்த ஆரம்பித்துவிடுகிறது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தாத்தாவை நினைத்தேன். வேறென்ன?

உனக்குத் தாத்தாவைத் தெரிந்தது ஓய்ந்த பிறகுதான். ஈஸி சேர், ரேடியோ, வெற்றிலைப் பெட்டி. நான் பார்த்த தாத்தா வேறு. புதுக்கோட்டையில் அவர் நாடக ஏஜென்ட். ஸ்பெஷல் நாடகத்துக்கு என்று தனியாகக் குழு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். மாசி, பங்குனி, சித்திரையில் ஒவ்வொரு ஊர்க்காரர்களும் தாம்பூலத் தட்டில் அட்வான்ஸ் வைத்துக்கொண்டு வருவார்கள். தாத்தா நோட்டைப் பிரிப்பார். யாருக்கு எந்தத் தேதி காலி, யாருக்கு யார் ஜோடி என்று பார்ப்பார். "இந்த ராஜபார்ட்டுக்கு அந்தப் பொண்ணு வேண்டாம்யா, தர்க்கத்துல இவனை மடக்கிப் போட்டுடும், அவனுக்கு நின்னு பதில் சொல்ற ஆள் வேணும்" என்பார். ஒத்திகை இல்லாமல், அன்று ராத்திரி மேடையில்தான் அவர்கள் சந்திப்பார்கள். விடியவிடிய முருகனும் வள்ளியும் வாதாடுவார்கள்.

கடைசியில் வள்ளி முருகனைக் கட்டிக்கொள்வாள் என்று பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் விடிகிறவரை உட்கார்ந்திருப்பார்கள். முடிவு தெரிந்ததுதானே என்று அங்கே யாரும் எழுந்து போனதை நான் பார்த்ததில்லை. இன்றைக்கு எப்படி மடக்குகிறாள், இவன் எப்படி மீள்கிறான் என்று பார்க்கத்தான் அந்தக் கூட்டம். அரேனாவில் உட்கார்ந்தபோது எனக்கு எதையும் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆட்டம் பிடித்துப்போனால் இவர்கள் காசையும் நோட்டையும் ரிங்குக்குள் வீசுகிறார்கள், ஆடினவர்கள் பொறுக்கிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நம் ஊரில் பபூன் சட்டையில் பத்து ரூபாயைக் குத்திவிட்டு மைக்கில் பெயர் சொல்லச் சொல்வார்களே, அதேதான். உன் கேள்விக்கு என் பதில் இதுதான் என்று வைத்துக்கொள்.

தாத்தா மேடை ஏறினதே இல்லை. பின்பாட்டுக்காரர்களுக்குப் பின்னால், தட்டிக்கு ஓரமாக, கையில் டார்ச்சோடு நிற்பார். பபூன் வந்து சேரவில்லை என்றால் பதினொரு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய் இன்னொருவரை எழுப்பிக் கூட்டி வருவார். சம்பளம் பாக்கி என்றால் ஊர்க்காரர்களிடம் மல்லுக்கு நிற்பார். நோட்டீஸில் கடைசி வரியில் பொடி எழுத்தில் 'அமைப்பாளர்' என்று அவர் பெயர் இருக்கும். நடிகர்கள் ஆண்டுதோறும் சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் குருபூஜை நடத்தும்போது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். எல்லாரும் பாடுவார்கள், இவர் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருப்பார்.

இங்கே இந்த வேலைக்குப் 'புரோகிரமதோர்' என்கிறார்கள். யாரை யாரோடு மோத விடுவது, எந்த ஆட்டம் முன்னால், எது கடைசி, எந்தப் பகையை எத்தனை வாரம் வளர்ப்பது என்று தீர்மானிக்கிறவர். அந்த வேலையில் பெயர் எடுத்த இன்னொருவருக்கும் இதே போல ஆண்டு அஞ்சலி உண்டு என்று திரும்பி வரும்போது அம்மாள் சொன்னார். அந்தோனியோ பெஞ்ஞா. அவர் முதலில் குஸ்தி ஆடியவர். பிறகு இந்தக் கம்பெனி ஆபீஸிலேயே ஆட்டங்களை அமைத்துக்கொண்டிருந்தார். 1992-ல் பிரிந்து போய் 'ஏஏஏ' என்று தனிக் கம்பெனி தொடங்கினார். நிறைய ஆட்டக்காரர்களும் கூடவே போய்விட்டார்கள். அடுத்த வருஷமே காளைச்சண்டை மைதானத்தில் பெரிய கூட்டத்தைக் கூட்டிக் காட்டினார். 2006 அக்டோபர் 5-ல் மாரடைப்பில் இறந்தார். அதிலிருந்து அக்டோபர் வாக்கில் அவர் நினைவாக நிகழ்ச்சியும், அவர் பெயரில் கோப்பையும். 'ஏரோஸ் இன்மோர்த்தாலெஸ்', மரணமில்லாத வீரர்கள், என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் கம்பெனியை 2025-ல் அமெரிக்கக்காரர்கள் வாங்கிவிட்டார்கள், டபிள்யூடபிள்யூஇ. அம்மாளுக்கு அதில் வருத்தம்தான், ஆனால் பெஞ்ஞாவை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. "பிரிந்து போனாலும் அவரும் ஜனங்களுக்கு ராத்திரிகளைக் கொடுத்தவர்" என்றார்.

ராத்திரிகளைக் கொடுத்தவர். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் மெட்ரோவில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தாத்தா போன ஐப்பசியில் என்னால் வர முடியவில்லை. இங்கிருந்து வந்து சேர ஒரு நாளைக்கு மேல் ஆகும். மழை, வைத்திருக்க முடியாது என்று மாமா சொன்னது நியாயம்தான், நான் யாரையும் குறை சொல்லவில்லை. நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாய், எனக்காக. படம் ஆடிக்கொண்டே இருந்தது. மேளச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. வந்திருந்த பழைய நடிகர்களில் ஒருவர் பாட ஆரம்பித்தார், அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அதிலிருந்து எனக்குள் ஏதோ பாதியில் நின்றுவிட்ட மாதிரியே இருந்தது. வெள்ளிக்கிழமை அந்த ஒரு நிமிஷமும் நான் தாத்தாவுக்காகத்தான் தட்டினேன். யாருக்கும் தெரியாது. முன்பின் அறியாத பதினாறாயிரம் பேர் என்னோடு சேர்ந்து தட்டினார்கள். கீழ்வீட்டு அம்மாளுக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தட்டி முடித்ததும் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார், என்ன என்று கேட்கவில்லை.

அப்புறம், ஒரு வேலை. வீட்டை வாடகைக்கு விடப் போகிறார்கள், அடுத்த வாரம் நீ போய்ச் சாமான்களை ஒதுங்க வைக்கப் போகிறாய் என்று மாமா சொன்னார். பரண்மேல் பச்சைத் தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் தாத்தாவின் தேதி நோட்டுகள். முப்பதுக்குக் குறையாது. கறையான் கொஞ்சம் பார்த்திருக்கலாம். பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதே. பாத்திரம், கட்டில் எல்லாவற்றையும் மாமா விருப்பப்படி செய்யட்டும். இந்தப் பெட்டி மட்டும் உன்னோடு கோயம்புத்தூருக்கு வர வேண்டும். வெயிலில் ஒரு நாள் காய வைத்து, வேப்பிலை போட்டுக் கட்டி வை. ஐப்பசியில் திதிக்கு நான் கண்டிப்பாக வருவேன், அப்பா டிக்கெட் போடுவதாகச் சொல்லிவிட்டார். அந்த நோட்டில் பெயர் இருக்கிற நடிகர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சங்கத்தில் விசாரித்து அன்றைக்கு அழைக்கலாம் என்று நினைக்கிறேன். யாராவது பாடினால் இந்த முறை நேரில் கேட்பேன்.

மாமா பேரனுக்கு ஒரு வெள்ளி முகமூடி வாங்கியிருக்கிறேன். அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர் அடுத்த மாதம் சென்னை வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பின் கயிற்றைக் கீழிருந்து மேலாகக் கோத்துக் கட்டு, கண் ஓட்டை நழுவாது. கடைக்காரர் கட்டிக் காட்டினார்.

நோட்டுகளைக் காய வைக்கும்போது 1971 நோட்டைத் தனியாக எடுத்துப் பார். பங்குனிப் பக்கம். நான் பிறந்த ராத்திரி உன் தாத்தா வீட்டில் இல்லை, நாடகத்துக்குப் போயிருந்தார் என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்காமலே விட்டுவிட்டேன். எந்த ஊர், ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்று படித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா